கொல்கத்தாவில் கீரை மிளகூட்டல்

ஊர் மாறிக் குடியேறும் குடும்பத்தின் சமையலிலிருந்து முதலில் மறைவது எது என்று ஆராய்ந்தால், அது பெரும்பாலும் கீரையாகவே இருக்கும். பருப்பும் புளியும் மிளகாயும் மூட்டையில் அடங்குவன. பல மாதம் கெடாமல் இருப்பன. அரிசி எங்கும் கிடைக்கும். கீரையோ பறித்த அன்றே வாடத் தொடங்குவது. அதைச் சொந்த ஊரிலிருந்து கொண்டுவர இயலாது. குடியேறிய ஊரின் மண்ணில் முளைப்பதையே வாங்கியாக வேண்டும். அந்த ஊர்ச் சந்தையில் கீரை குவிந்து கிடக்கலாம். ஆயினும் அதன் பெயர் தெரியாது. பெயர் தெரியாத இலையை வாங்கிச் சமைக்க எவருக்கும் தயக்கம் உண்டாவது இயல்பே. இவ்வாறு, பத்து வகைக் கீரையை இலையைப் பார்த்தே இனங்கண்ட பாட்டியின் குடும்பத்தில், பேத்தியின் காலத்தில் பாலக் ஒன்றே கீரை என்னும் நிலை வந்துவிடுகிறது.

இந்த இழப்பு தவிர்க்கக்கூடியதே. கீரை மிளகூட்டல் என்னும் ஒரே பதார்த்தத்தை எடுத்துக்கொண்டு, தென்னாட்டவர் பல தலைமுறைகளாக வாழ்ந்துவரும் கொல்கத்தா நகரில் அதனை எவ்வாறு சமைப்பது என்று பார்ப்போமானால் இது விளங்கும். ஒரு பதார்த்தத்தில் எதை மாற்றலாம், எதை மாற்றலாகாது என்று தெரிந்துகொண்டவர்களுக்கு எந்த ஊர்ச் சந்தையும் அந்நியமாகத் தோன்றாது.

மிளகூட்டல் என்பது பாலக்காட்டுத் தமிழ்க் குடும்பங்களின் அன்றாடச் சமையலில் இடம்பெற்ற பதார்த்தம். அவ்வீடுகளின் பேச்சுவழக்கில் அதனை மொளகூட்டல் என்பார்கள். வேகவைத்த பருப்பு, வேகவைத்துக் கடைந்த கீரை, தேங்காயும் சீரகமும் வற்றல் மிளகாயும் சேர்த்தரைத்த விழுது ஆகிய மூன்றையும் ஒன்றுகூட்டி, தேங்காய் எண்ணெயில் கடுகும் உளுத்தம்பருப்பும் தாளித்துக் கொட்டினால் மிளகூட்டல் ஆயிற்று. இதில் புளி கிடையாது. சாம்பாரைப்போல் நீர்த்தும் இராது. கறியைப்போல் வறண்டும் இராது. சோற்றில் பிசைந்து உண்பதற்கேற்ற குழைவுடன் இருக்கும். தஞ்சை வட்டாரத்துப் பொரித்த கூட்டு இதற்கு நெருங்கிய உறவு. ஆனால் அதில் உளுத்தம்பருப்பையும் மிளகையும் வறுத்துத் தேங்காயுடன் அரைப்பது வழக்கம். மிளகூட்டலில் சீரகத்தையும் தேங்காயையும் வறுக்காமல் பச்சையாகவே அரைக்கிறோம். இந்தச் சிறு வேறுபாடுதான் இரண்டின் மணத்தையும் பிரித்துக் காட்டுவது.

பெயரைச் சற்று நோக்குவோம். மிளகு, கூட்டல் என்னும் இரு சொற்கள் அதில் தெரிகின்றன. ஆயினும் இன்று பல வீடுகளில் மிளகூட்டலுக்குக் காரம் தருவது வற்றல் மிளகாயே. மிளகு மேற்குத் தொடர்ச்சி மலைக்கே உரிய கொடி. மிளகாயோ அமெரிக்கக் கண்டத்திலிருந்து போர்ச்சுகீசியர் வழியாகப் பதினாறாம் நூற்றாண்டில் நம் நாட்டை அடைந்தது. புதிய காயைக் கண்ட நம் முன்னோர், தாம் அறிந்த மிளகின் பெயரையே அதற்கும் சூட்டி ‘மிளகாய்’ என்றனர். மிளகின் இடத்தில் மிளகாய் வந்து அமர்ந்த பின்னரும் பதார்த்தத்தின் பெயர் மாறவில்லை. சமைக்கும் முறையும் மாறவில்லை. நம் பழஞ்சமையல் என்று நாம் போற்றுவதிலும் இத்தகைய மாற்றங்கள் அமைதியாக நிகழ்ந்திருக்கின்றன என்பதை இப்பெயர் நமக்கு நினைவூட்டுகிறது.

பாலக்காட்டுக்கும் கொல்கத்தாவுக்கும் என்ன தொடர்பு என்று கேட்கலாம். 1956ஆம் ஆண்டு நவம்பர் முதல் நாள் மொழிவழி மாநிலங்கள் அமையும்வரை பாலக்காடு சென்னை மாகாணத்தின், பின்னர் சென்னை இராஜ்யத்தின், மலபார் மாவட்டத்தில் அடங்கியிருந்தது. அங்கும் தஞ்சை, திருச்சி முதலிய மாவட்டங்களிலும் ஆங்கிலக் கல்வி பெற்ற இளைஞர் பலர் அலுவல் தேடி வடக்கே சென்றனர். கல்கத்தா 1911ஆம் ஆண்டுவரை இந்தியாவின் தலைநகரம். தலைநகரம் தில்லிக்கு மாறிய பின்னரும் கணக்கு அலுவலகங்களும் இரயில்வே நிர்வாகமும் வணிக நிறுவனங்களும் அங்கே நிலைத்திருந்தன. 1907ஆம் ஆண்டில் நிதித் துறை அலுவலராக அந்நகருக்குச் சென்ற சி. வி. இராமன், 1928இல் உலகப் புகழ்பெற்ற தமது கண்டுபிடிப்பை அங்கேதான் நிகழ்த்தினார். 1933இல் பெங்களூர் செல்லும்வரை அவரது வாழ்வில் பெரும்பகுதி அங்கேயே கழிந்தது. அவரைப்போல் புகழ் பெறாத எத்தனையோ குடும்பங்கள் நகரின் தென்பகுதியில், காளிகட்டத்துக்கும் ஏரிக்கும் இடைப்பட்ட வட்டாரத்தில் குடியேறின. ராஸ்பிஹாரி அவென்யூவில் உள்ள லேக் மார்க்கெட் அவர்களுடைய சந்தையாயிற்று. கறிவேப்பிலையும் வாழையிலையும் காப்பிப்பொடியும் கிடைக்குமிடம் என்ற பெயர் அதற்கு இன்றும் உண்டு. நகரின் பெயர் 2001இல் கொல்கத்தா என்று மாறியது. சந்தையின் கீரைக் கூடைகள் மட்டும் மாறவில்லை.

இனி, மிளகூட்டலில் மாற்றலாகாதது எது என்று பார்ப்போம். அது சமைக்கும் முறையும் வரிசையுமே ஆகும். இதற்குக் காரணங்கள் உண்டு.

முதலாவது, பருப்பையும் கீரையையும் தனித்தனியே வேகவைக்க வேண்டும். திறந்த பாத்திரத்தில் துவரம்பருப்பு குழைய முக்கால் மணி நேரம்கூட ஆகலாம். பயத்தம்பருப்புக்கு அரை மணி நேரம் போதும். இளங்கீரைக்கோ ஐந்து முதல் எட்டு நிமிடம் போதுமானது. இரண்டையும் ஒரே பாத்திரத்தில், அதிலும் பிரஷர் குக்கரில் ஒன்றாக வைத்தால், பருப்பு வேகும் நேரத்தில் கீரை தன் நிறத்தையும் மணத்தையும் இழந்துவிடும். வெப்பம் தாங்காத ‘சி’ வைட்டமினும் பெருமளவு அழிந்துபோகும். நேரத்தை மிச்சப்படுத்த விரும்புவோர் பருப்பைக் குக்கரில் வைக்கட்டும். கீரைக்குத் திறந்த பாத்திரமே ஏற்றது.

இரண்டாவது, கீரை வேகும்போது மூடலாகாது. இலைக்குப் பச்சை நிறம் தரும் பொருளின் நடுவே மக்னீசியம் என்னும் உலோக அணு ஒன்று இருக்கிறது. வெப்பமும் புளிப்பும் சேரும்போது அந்த மக்னீசியம் நீங்கிவிடுகிறது. இலை உடனே காக்கி நிறம் அடைகிறது. கீரை வேகத் தொடங்கும்போது அதிலிருந்தே சில அமிலங்கள் ஆவியாக எழுகின்றன. மூடி திறந்திருந்தால் அவை வெளியேறிவிடும்; மூடியிருந்தால் மீண்டும் பாத்திரத்திலேயே விழும். நம் வீட்டுப் பெரியவர்கள் ‘கீரையை மூடாதே’ என்று சொல்லிவந்ததன் உட்பொருள் இதுவே. மிளகூட்டலில் புளி சேராததும் நிறத்தைக் காக்கிறது. சிலர் நிறத்திற்காக ஆப்பசோடா சேர்ப்பதுண்டு. அது பச்சை நிறத்தை நிறுத்தும் என்பது உண்மையே. ஆனால் ‘பி’ வகை வைட்டமின்களில் ஒன்றையும் ‘சி’ வைட்டமினையும் அது அழிப்பதோடு, இலையையும் கூழாக்கிவிடும். அதனைத் தவிர்ப்பதே நலம்.

மூன்றாவது, தேங்காய் விழுதை இறுதியில் சேர்க்க வேண்டும். சேர்த்தபின் ஒரு கொதி வந்ததும் இறக்கிவிட வேண்டும். நெடுநேரம் கொதித்தால் தேங்காயிலுள்ள புரதம் திரிந்து, எண்ணெய் பிரிந்து, குழம்பு திப்பிதிப்பியாகிவிடும். பச்சைச் சீரகத்தின் மணமும் ஆவியோடு போய்விடும். விழுது அரைக்கும்போது ஊறவைத்த பச்சரிசி ஒரு தேக்கரண்டி சேர்த்துக்கொண்டால், நீர் தனியே பிரியாமல் எல்லாம் கூடி நிற்கும்.

நான்காவது, தண்ணீர். கடின நீரில் பருப்பு எளிதில் குழையாது. நீரிலுள்ள சுண்ணாம்புச் சத்து பருப்பின் உயிரணுச் சுவர்களை இறுகச் செய்வதே இதற்குக் காரணம். கொல்கத்தா நகருக்கு ஹூக்ளி ஆற்று நீரைப் பல்தாவில் தூய்மை செய்து குழாய் வழியே அனுப்புகிறார்கள். இந்த நீரில் பருப்பு நன்றாக வேகும். ஆழ்குழாய்க் கிணற்று நீரையே நம்பியிருக்கும் வீடுகளில் பருப்பு வேகவில்லை என்ற குறை எழுமானால், பருப்பைப் பழித்துப் பயனில்லை. சமையலுக்கு மட்டுமாவது ஆற்று நீரைப் பிடித்து வைத்துக்கொள்ள வேண்டும்.

நால்வருக்குப் போதுமான அளவைக் கூறுகிறேன். பருப்பு 100 கிராம். சந்தையில் வாங்கும் அளவில் கீரை 500 கிராம். துருவிய தேங்காய் ஒரு கிண்ணம், ஏறக்குறைய 80 கிராம். சீரகம் ஒரு தேக்கரண்டி. வற்றல் மிளகாய் இரண்டு. மஞ்சள்தூள் கால் தேக்கரண்டி. உப்பு வேண்டிய அளவு. தாளிக்கத் தேங்காய் எண்ணெய் இரண்டு தேக்கரண்டி, கடுகு அரைத் தேக்கரண்டி, உளுத்தம்பருப்பு ஒரு தேக்கரண்டி, கறிவேப்பிலை ஓர் ஈர்க்கு.

பருப்பை மஞ்சள்தூளுடன் குழைய வேகவைத்து மசித்துக்கொள்க. கீரையை ஆய்ந்து, அகன்ற பாத்திரத்தில் நீர் நிறைத்து அமிழ்த்தி, மண் அடியில் தங்கும்வரை இரண்டு மூன்று முறை நீர் மாற்றி அலசுக. நறுக்கிய பின் அலசினால் சத்து நீரோடு போகும். ஆதலால் அலசிய பின்னரே நறுக்க வேண்டும். அரைக் கிண்ணம் நீரைக் கொதிக்கவிட்டு, கீரையையும் உப்பையும் போட்டு, மூடாமல் வேகவைக்க வேண்டும். வெந்த நீரைக் கொட்டிவிடாமல் அதிலேயே மத்தினால் இலேசாகக் கடைந்து, பருப்பைச் சேர்க்க வேண்டும். பிறகு அரைத்த விழுதைச் சேர்த்து, ஒரு கொதி வந்ததும் இறக்கி, தாளித்துக் கொட்ட வேண்டும். இறக்கிய பின்னரும் சற்று இறுகும் என்பதால், அடுப்பிலிருக்கும்போது கொஞ்சம் தளர்வாகவே இருக்கட்டும்.

முறை இவ்வளவே. இனி மாற்றக்கூடியது எதுவெனில், கீரையையும் பருப்பையும் மாற்றலாம். இங்கேதான் வங்காளம் நமக்கு வாரி வழங்குகிறது.

கீரையை வங்காளியர் சாக் என்பர். ஒரு கட்டினை ஆட்டி என்பர். நோட்டே சாக் என்று விற்கப்படுவது நம் சிறுகீரை, முளைக்கீரை இனத்தைச் சேர்ந்தது. மிளகூட்டலுக்கு இதனினும் பொருத்தமான கீரை இல்லை. லால் சாக் என்பது செங்கீரை. அதன் செந்நிறம் நீரில் கரைவது. ஆதலால் மிளகூட்டல் முழுவதும் இளஞ்சிவப்பாக மாறிவிடும். இதைக் கண்டு அஞ்ச வேண்டியதில்லை. குழந்தைகள் அந்நிறத்தை விரும்பி உண்பார்கள். நம் தண்டுக்கீரையை அங்கே டாட்டா என்பர். இலையை மிளகூட்டலுக்கும் தண்டை வேறு குழம்புக்கும் பயன்படுத்தலாம். பேத்தோ சாக் என்பது சக்கரவர்த்திக் கீரையே. பாலங் சாக் என்பதைப் பாலக் என்று எல்லோரும் அறிவர்.

புயி சாக் என்பது கொடிப்பசலை. அதில் வழவழப்பு மிகுதி. தண்டை நீக்கி, இலையை மட்டும் மூன்று நிமிடம் வேகவைத்துச் சேர்த்தால் மிளகூட்டலுக்கு நல்ல குழைவு உண்டாகும், கடையத் தேவையில்லை. கொல்மி சாக் என்பது நீர்நிலைகளில் படரும் வள்ளைக்கீரை. அதன் தண்டு உட்குழலாக இருப்பதால் பொடியாக நறுக்க வேண்டும். முருங்கையைச் சோஜ்னே என்பர்; வங்காளியர் அதன் காயையும் பூவையும் விரும்பி உண்பர். இலை கிடைத்தால் விடாதீர்கள். பொன்னாங்கண்ணியை ஷாஞ்சி என்றும், வல்லாரையைத் தான்குனி என்றும், ஆரைக்கீரையைச் சுஷ்னி என்றும் அங்கே வழங்குகிறார்கள். நம் வீடுகளில் துவாதசிப் பாரணைக்கு வேண்டிய அகத்தி மரம் வங்காளத்திலும் உண்டு. ஆனால் அவர்கள் நாடுவது அதன் பூவை. பக் பூல் என்று அதனை மாவில் தோய்த்துப் பொரித்து உண்பார்கள். பூ விற்பவரிடம் சொல்லிவைத்தால் இலை கிடைக்கும்.

எல்லாக் கீரையும் மிளகூட்டலுக்கு ஆகா என்பதையும் சொல்லியாக வேண்டும். ஹெலெஞ்சா கசப்பானது, தேங்காயின் இனிமையோடு அது இசையாது. சணல் இலையாகிய பாட் சாக் மிகுந்த வழவழப்பும் சிறிது கசப்பும் உடையது. இவற்றை வங்காளியர் செய்யும் முறையிலேயே செய்து, உணவின் தொடக்கத்தில் முதற்சோற்றுடன் உண்பது சிறந்தது. கசப்பையும் கீரையையும் முதலில் உண்டு, பிறகு பருப்புக்குச் செல்வது அவர்களுடைய பந்தி முறை.

பருப்பிலும் இவ்வாறே. துவரம்பருப்பை அங்கே அரஹர் என்பர். வங்காளியரின் தனிச் சிறப்போ பயத்தம்பருப்பு. சோனா மூங் என்னும் சிறுமணிப் பருப்பை வெறும் வாணலியில் மணம் வரும்வரை வறுத்து வேகவைப்பது அவர்கள் வழக்கம். அப்படி வறுத்த பருப்பில் செய்யும் மிளகூட்டலுக்குத் தனி மணம் உண்டு. பசலைக்கும் பாலக்குக்கும் அது நன்கு பொருந்தும். பருப்போடு தேங்காய் சேர்ப்பதும் அவர்களுக்குப் புதிதன்று. கடலைப்பருப்பில் தேங்காயைச் சிறு பல்லாகக் கீறிப் போட்டுச் செய்யும் சோலார் தால் அவர்களுடைய விருந்துகளில் இடம்பெறுவது. தாளிக்க மட்டும் கடுகெண்ணெயை எடுக்காதீர்கள். அதன் காரமான நெடி, பச்சைச் சீரகத்தின் மென்மையான மணத்தை அமுக்கிவிடும்.

கருவிகளைப் பார்த்தாலும் இரு நாடுகளின் சமையலறைகள் ஒன்றையொன்று அடையாளம் கண்டுகொள்ளும். நம் அரிவாள்மணையை அவர்கள் போட்டி என்பர். அதன் நுனியில் தேங்காய் துருவுவதற்கான பற்கள் அமைந்த வகையும் அங்கே உண்டு, நம் ஊரில் இருப்பது போலவே. நம் அம்மியும் குழவியும் அங்கே ஷில், நோடா என்ற பெயரில் இருக்கின்றன. இன்று இரு வீடுகளிலும் மின்னரைவை இயந்திரமே பெரும்பாலும் வேலை செய்கிறது என்பது வேறு.

பருவத்தை அறிந்து வாங்குவதும் இன்றியமையாதது. பாலங், பேத்தோ, வெந்தயக்கீரை ஆகியவை குளிர்காலத்துக்கு உரியவை. நவம்பர் முதல் பிப்ரவரி வரை மலிவாகவும் இளமையாகவும் கிடைக்கும். கோடை தொடங்கியதும் பாலங் முற்றிவிடும். அப்போது நோட்டே, லால், டாட்டா ஆகியவற்றை நாட வேண்டும். மழைக்காலத்தில் புயியும் கொல்மியும் செழிக்கும். ஆண்டு முழுவதும் பாலக் ஒன்றையே தேடுகிறவர், பருவம் தப்பிய கீரைக்கு அதிக விலையும் கொடுத்துச் சுவையும் இழக்கிறார்.

இந்த இடத்தில் ஒரு பண்டிகையைக் குறிப்பிட விரும்புகிறேன். காளி பூசைக்கு முதல் நாளாகிய சதுர்த்தசியன்று வங்காளியர் பதினான்கு விளக்கு ஏற்றி, பதினான்கு வகைக் கீரை உண்பர். சௌத்தோ சாக் என்று அதற்குப் பெயர். மரபாகச் சொல்லப்படும் அந்தப் பட்டியலில் வேம்பு, கடுகு, சக்கரவர்த்திக் கீரை, சீந்தில், பொன்னாங்கண்ணி, ஆரை, சேனை இலை ஆகியவை அடங்கும். நாம் நரக சதுர்த்தசி என்று எண்ணெய் தேய்த்து நீராடி, தீபாவளி இலேகியம் உண்ணும் திதியும் அதுவே. மழை ஓய்ந்து குளிர் தொடங்கும் காலத்தில் உடலைப் பேண வேண்டும் என்ற எண்ணம், அங்கே கீரையாகவும் இங்கே இலேகியமாகவும் உருவெடுத்திருக்கிறது. அந்நாளில் கொல்கத்தாச் சந்தைகளில் பலவகைக் கீரைகளையும் கலந்து ஒரே கட்டாக விற்பதுண்டு. கீரையின் பெயர்களைக் கற்க விரும்புகிறவர்களுக்கு அதனினும் நல்ல நாள் வாய்க்காது.

இவ்வளவு முயன்று ஏன் பலவகைக் கீரை உண்ண வேண்டும் என்ற கேள்வி எழலாம். சுவைக்காக மட்டும் அன்று. 2019 முதல் 2021 வரை நடைபெற்ற ஐந்தாவது தேசியக் குடும்பநல ஆய்வின்படி, இந்தியாவில் 15 முதல் 49 வயதுவரையுள்ள பெண்களில் 57 விழுக்காட்டினர் இரத்தசோகை உடையவர்கள். மேற்கு வங்காளத்தில் இது 71 விழுக்காட்டைத் தாண்டியது. தமிழ்நாட்டில் 53 விழுக்காடு. குன்னூரில் 1918இல் ஒரு சிறு ஆராய்ச்சிக் கூடமாகத் தொடங்கி, 1958இல் ஐதராபாத்துக்கு மாறிய தேசிய ஊட்டச்சத்து நிறுவனம், நாளொன்றுக்கு 100 கிராம் கீரை உண்ணுமாறு அறிவுறுத்துகிறது. மேலே சொன்ன அளவில் மிளகூட்டல் செய்தால், காம்பும் பழுத்த இலையும் நீக்கிய பின் ஒருவருக்குக் கிடைக்கும் கீரை ஏறக்குறைய அந்த அளவை நெருங்கும்.

மிளகூட்டலின் மூன்று உறுப்புகளும் ஒன்றுக்கொன்று துணை செய்வதையும் காண்க. அரிசியின் புரதத்தில் குறைவாக உள்ள ஒரு சத்து பருப்பில் மிகுந்திருக்கிறது. ஆகவே சோறும் பருப்பும் சேரும்போது புரதம் நிறைவு பெறுகிறது. கீரையில் ‘ஏ’ வைட்டமினாக மாறக்கூடிய பொருள் உண்டு. கொழுப்பு உடனிருந்தால்தான் உடல் அதனை நன்கு ஏற்கும். அந்தக் கொழுப்பைத் தேங்காயும் தாளித்த எண்ணெயும் தருகின்றன.

ஆனால் இரும்புச் சத்தைப் பொறுத்தவரை ஒரு குறை இருக்கிறது. கீரையிலும் பருப்பிலும் உள்ள இரும்பில் ஒரு சிறு பங்கையே உடல் ஏற்கிறது. ‘சி’ வைட்டமின் உடனிருந்தால் அந்தப் பங்கு உயரும். மிளகூட்டலில் புளிப்பு இல்லாமையால், பாலக்காட்டு வீடுகளில் அதற்குத் துணையாகப் புளிப்பான ஒரு பச்சடியோ தொக்கோ வைப்பது வழக்கம். கொல்கத்தாவில் இதற்கு இன்னும் எளிய வழி உண்டு. கந்தராஜ் என்னும் மணம் மிகுந்த எலுமிச்சையைப் பருப்புச் சோற்றில் பிழிந்து உண்பது வங்காளியர் பழக்கம். மிளகூட்டல் சோற்றிலும் அவ்வாறே பிழிந்துகொள்ளலாம். அடுப்பில் அன்று, இலையில் பிழிய வேண்டும். அப்போதுதான் நிறமும் கெடாது, சத்தும் அழியாது. கந்தராஜ் கிடைக்காதபோது சாதாரண எலுமிச்சையும் நெல்லிக்காயும் இதே பணியைச் செய்யும். உணவு முடிந்தவுடன் தேநீரோ காப்பியோ அருந்துவது இரும்பு உடலில் சேர்வதைத் தடுக்கும். ஒரு மணி நேரம் பொறுத்து அருந்துவது நல்லது. தேநீரில் தோய்ந்த கொல்கத்தாவிலும் காப்பியில் தோய்ந்த தென்னாட்டுக் குடும்பங்களிலும் இது கடினமான அறிவுரைதான். ஆயினும் பெண்களும் வளரும் பிள்ளைகளும் இதனைக் கடைப்பிடிப்பது நன்மை தரும்.

இரத்தசோகை முற்றியவர்களுக்குக் கீரை மட்டும் மருந்தாகாது. அவர்கள் மருத்துவரை நாட வேண்டும். சிறுநீரகக் கல் உடையவர்கள் பாலக், தண்டுக்கீரை முதலியவற்றை எவ்வளவு உண்ணலாம் என்று கேட்டறிந்த பின்னரே உண்ண வேண்டும். அவற்றில் ஆக்சலிக் அமிலம் மிகுதி. அத்தகையோருக்காகச் சமைக்கும்போது மட்டும் கீரை வெந்த நீரை வடித்துவிடலாம். கொழுப்பைக் குறைக்க வேண்டியவர்கள் தேங்காயைப் பாதியாக்கி, பருப்பைச் சற்றுக் கூட்டிக்கொள்ளலாம். மணத்துக்குக் குறைவு வாராது. குளத்தில் வளரும் கொல்மி போன்றவற்றை எத்தனை முறை அலசினாலும் பச்சையாக உண்ணலாகாது. வேகவைத்தே உண்ண வேண்டும்.

மிளகு இருந்த இடத்தில் மிளகாய் வந்தபோது மிளகூட்டல் அழிந்துவிடவில்லை. பாலக்காட்டுக் கீரை இருந்த இடத்தில் வங்காளத்துக் கீரை வந்தாலும் அது அழியாது. தனித்தனியே வேகவைத்தல், மூடாமல் வேகவைத்தல், தேங்காயை இறுதியில் சேர்த்தல் என்னும் மூன்றையும் காப்பாற்றினால் போதும். மாறாக, கீரை கிடைக்கவில்லை என்று கைவிட்டோமானால், அந்தக் கீரையின் பெயரும் அதைச் சமைக்கும் பக்குவமும் ஒரு தலைமுறையில் மறைந்துபோகும். ஏட்டில் எழுதிவைத்தாலும் கை அதனை அறியாது.

ஆதலால் கொல்கத்தாவில் வாழும் நேயர்களுக்கும், அதைப்போன்ற வேற்றூர்களில் குடியேறியிருக்கும் நேயர்களுக்கும் என் வேண்டுகோள் ஒன்றே. அடுத்த முறை சந்தைக்குச் செல்லும்போது பிள்ளைகளை உடன் அழைத்துச் செல்லுங்கள். பெயர் தெரியாத கீரை ஒன்றை எடுத்து, அதன் பெயர் என்ன, கசக்குமா, எவ்வளவு நேரம் வேக வேண்டும் என்ற மூன்று கேள்விகளையும் விற்பவரிடம் கேளுங்கள். கீரை விற்பவர் மகிழ்ச்சியோடு சொல்வார். கசக்காது என்று அவர் சொன்னால், அன்றைக்கு வீட்டில் அந்தக் கீரையிலேயே மிளகூட்டல் செய்து பாருங்கள்.